சியாட்டலில் மூன்று நாள்

சியாட்டல் நகருக்கு நான் முதன்முதலில் போனது 2020 ஜூலையில். கோலாலம்பூரில் என் வாடகை வீட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்தபடி, கையில் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரோடு போனேன். சாலை பிளந்து நடுவில் ஆறு ஓடியது. கண்ணாடிக் கட்டடங்களின் மேல் பாசியும் கொடியும் ஏறியிருந்தன. மழை விடவே இல்லை.

உண்மையான சியாட்டலுக்குப் போனது 2025 அக்டோபரில். தைப்பேயில் விமானம் மாறி, கடிகாரத்தை 15 மணி நேரம் பின்னால் தள்ளி, தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தால் அங்கேயும் மழை. குடை இல்லாமல் தம்பி நின்றுகொண்டிருந்தான். இரண்டு வருடம் கழித்து நேரில் பார்க்கிறேன். அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் பேசியதெல்லாம் பிறந்தநாள் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை. எல்லாமே வாட்ஸ்அப்பில்.

"இங்கே யாரும் குடை பிடிக்க மாட்டாங்கக்கா. பிடிச்சா வெளியூர்னு தெரிஞ்சிடும்" என்றான். அதுதான் அவன் பேசிய முதல் வார்த்தை.

அம்மா கொடுத்துவிட்ட முறுக்கும் குழம்புத் தூளும் என் பெட்டியில் இருந்தன. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் என்னிடம் இருந்தது. அதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

தாடிக்காரன் கதை

விளையாட்டின் பெயர் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'. அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கியது, 2013 ஜூன் 14-ஆம் தேதி வெளியானது. இந்த விளையாட்டைத் தொடாதவர்கள்கூட 2023-இல் தொடங்கிய எச்.பி.ஓ. தொடரைப் பார்த்திருக்கலாம். (விளையாட்டின் கதையை இங்கே சொல்லப்போகிறேன். இனிமேல்தான் ஆடப்போகிறேன், பார்க்கப்போகிறேன் என்பவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுங்கள்.)

வெப்பமண்டலக் காடுகளில் எறும்பைப் பிடித்து ஆட்டிவைக்கும் ஒரு வகைப் பூஞ்சை உண்மையிலேயே உண்டு. அது மனிதனைப் பிடித்தால் என்னவாகும் என்பதுதான் கதையின் தொடக்கம். நோய் பரவிய முதல் இரவிலேயே ஜோயல் என்ற தச்சு வேலைக்காரர் தன் மகளைப் பறிகொடுக்கிறார். 20 வருடம் கழித்து, தாடி நரைத்து, மனம் மரத்துப்போன அவரிடம் எல்லி என்ற 14 வயதுப் பெண் ஒப்படைக்கப்படுகிறாள். அவளை அந்த நோய் பிடிப்பதில்லை. நாட்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் மருந்து கண்டுபிடிக்க முடியும். ஒரு வருடப் பயணம். போகப் போக அவள் அவருக்கு மகளாகவே ஆகிவிடுகிறாள்.

சால்ட் லேக் சிட்டி மருத்துவமனையில்தான் உண்மை தெரிகிறது: மருந்து எடுக்க வேண்டுமானால் அவள் உயிரோடு இருக்க முடியாது. ஜோயல் அங்கிருந்தவர்களைக் கொன்றுவிட்டு, மயக்கத்தில் இருக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறார். அவள் விழித்ததும், உன்னைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களை வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை, மருந்து தேடுவதையே விட்டுவிட்டார்கள் என்று பொய் சொல்கிறார். அது சத்தியம்தானா என்று அவள் கேட்கிறாள். சத்தியம் என்கிறார். அவள் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, 'சரி' என்ற பொருளில் ஒரே வார்த்தை சொல்கிறாள். ஆட்டம் அங்கே முடிகிறது.

2013 கடைசியில், தம்பி எஸ்.பி.எம். தேர்வு முடித்த பள்ளி விடுமுறையில், தைப்பிங் வீட்டில் இதை ஆடினோம். நான் பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்துக்கொண்டிருந்தேன். பகுதிநேர வேலைக் காசில் வாங்கிய வட்டு. அட்டையில் வயது வந்தவர்களுக்கான விளையாட்டு என்று போட்டிருந்ததால் அப்பாவுக்குச் சந்தேகம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் சோதித்துப் பார்த்துத்தான் அனுமதிப்பார். பிரம்பு நாற்காலியைத் தூக்கி எங்களுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். சோதனைக்கு உட்கார்ந்தவர் கடைசி வரை எழவில்லை.

"அந்தத் தாடிக்காரன் அந்தப் புள்ளைக்குச் சாப்பாடு குடுத்தானா?" என்று நடுநடுவே கேட்பார். பாழடைந்த கட்டடத்தின் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம் ஒன்று இலை மேயும் காட்சி வரும். "நிறுத்து, நிறுத்து, கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றார். துப்பாக்கியைக் கீழே இறக்கிவிட்டு மூன்று பேரும் ஒட்டகச்சிவிங்கி பார்த்தோம். வெளியே தைப்பிங் மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

குஸ்தாவோ சாந்தோலாயா என்ற அர்ஜென்டினா இசையமைப்பாளரின் இசை இந்த விளையாட்டுக்கு. 'பேபல்' உட்பட இரண்டு படங்களுக்கு ஆஸ்கார் வாங்கியவர். வானொலிக்கு வந்த பிறகு நான் கற்றுக்கொண்ட ஒன்றை, சத்தத்தைக் குறைத்தால் கேட்பவர் இன்னும் கூர்ந்து கேட்பார் என்பதை, அவருடைய அந்த ஒற்றைத் தந்தி இசை அன்றைக்கே சொல்லியிருந்தது.

முதல் நாள்: தரைக்குக் கீழே ஒரு நகரம்

இரண்டாம் பாகம் 2020 ஜூன் 19-ஆம் தேதி வந்தது. அதில் சியாட்டல்தான் களம். 'சியாட்டல், முதல் நாள்', 'இரண்டாம் நாள்', 'மூன்றாம் நாள்' என்று அத்தியாயங்கள் போகும். தம்பியும் கணக்காக மூன்று நாள்தான் விடுப்பு எடுத்திருந்தான். திட்டமிட்டு எடுத்தானா என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள் பயனியர் சதுக்கத்துக்குப் போனோம். 1889 ஜூன் 6-ஆம் தேதி ஒரு தச்சுப் பட்டறையில் காய்ச்சிக்கொண்டிருந்த பசையில் தீப்பிடித்தது. மரத்தால் கட்டிய வணிகப் பகுதி முழுவதும் அன்றைக்கே எரிந்து போனது. ஊரைச் செங்கல்லால் திரும்பக் கட்டினார்கள். அதோடு, அடிக்கடி கடல்நீர் ஏறிய தாழ்வான தெருக்களை ஒரு மாடி உயரத்துக்கும் மேலாக உயர்த்தினார்கள். முதல் மாடி தரைத்தளம் ஆனது. பழைய தரைத்தளம் பாதாளம் ஆனது. தெரு உயர்ந்து நடைபாதை உயராத சில காலம், மக்கள் ஏணி வைத்து ஏறி இறங்கித்தான் கடைக்குப் போயிருக்கிறார்கள். 1907-இல் பிளேக் பயத்தில் கீழ்ப் பகுதியை நகராட்சி மூடிவிட்டது.

இப்போது வழிகாட்டியோடு கீழே இறங்கிப் பார்க்கலாம். பழைய கடை முகப்புகள், சாய்ந்து கிடக்கும் மரச் சட்டங்கள், ஈர மண் வாசனை. மேலே நடைபாதையில் பதித்த கண்ணாடிக் கட்டிகள் வழியாக ஊதா நிறத்தில் வெளிச்சம் இறங்குகிறது. தலைக்கு மேல் யாரோ நடந்து போகிற நிழல் தெரிகிறது. விளையாட்டில் எல்லி டார்ச் விளக்கோடு நுழைகிற இருண்ட அறைகள் மாதிரியே இருந்தது. ஒரு மூலை திரும்பும்போது என்னை அறியாமல் நின்று காது கொடுத்துக் கேட்டேன். தம்பி சிரித்தான். "ஒண்ணும் வராதுக்கா. இது டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம்."

அன்றைக்கு நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான். மேலே வந்து காப்பி குடித்தோம். சியாட்டலில் காப்பி இல்லாத தெருவே இல்லை. நான் தே தாரிக் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்காது என்றான். பேச்சு அதோடு நின்றது.

எங்களுக்குள் என்ன நடந்தது என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

2021 ஜூன் முதல் தேதி நாடு மறுபடி முழுமையாக முடங்கியது. மாநிலம் விட்டு மாநிலம் போக முடியாது. எனக்கு மட்டும் வேலைக்குப் போக அனுமதிக் கடிதம் இருந்தது. வானொலி நிற்கக் கூடாதே. வெறிச்சோடிய சாலையில் காரை ஓட்டிக்கொண்டு போய், ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து, "வணக்கம் நேயர்களே, பத்திரமாக வீட்டிலேயே இருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மாதம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தைப்பிங்கில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லாத காலம். தேறிவிடுவார் என்று முதல் நாள் சொன்னார்கள். பார்ப்போம் என்று இரண்டாம் நாள் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலையில் நான் போலீஸ் நிலையத்துக்குப் போய் அனுமதி வாங்கி, காரை எடுத்தேன்.

வட தென் நெடுஞ்சாலையை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லை. ஓய்வுத்தளங்களில் ஆள் இல்லை. எத்தனையோ மணி நேரம் திரையில் பார்த்து ரசித்த காட்சி, இப்போது என் கார்க் கண்ணாடிக்கு வெளியே. அழகாகவே இல்லை. தாப்பாவைத் தாண்டும்போது தம்பி அழைத்தான். காரை ஓரம் கட்டினேன்.

அன்று இரவு அவன் சொன்னான்: "நடுவுல கொஞ்சம் நினைவு வந்துச்சாம்க்கா. கடைசியா உன் பேரைத்தான் சொன்னாராம்."

இரண்டு வருடம் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். 2023-இல், அப்பாவின் இரண்டாம் ஆண்டுத் திதி அன்று, வாழை இலை நறுக்கிக்கொண்டே அம்மா யாரிடமோ சொன்னார்: "சேர்த்த ராத்திரியே குழாய் போட்டுட்டாங்க. அப்புறம் கண்ணே திறக்கலையே மனுஷன்."

தம்பியை அடுப்படிக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அது போதுமாக இருந்தது. இரண்டு மாதத்தில் அவனுக்குச் சியாட்டலில் வேலை கிடைத்தது. வழியனுப்ப நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை. அன்றைக்கு நிகழ்ச்சி இருந்தது என்று சொன்னேன். நிகழ்ச்சி இருந்தது உண்மை. மாற்றிக்கொண்டிருக்கலாம் என்பதும் உண்மை.

இரண்டாம் நாள்: கேப்பிட்டல் ஹில்

கேப்பிட்டல் ஹில் என்ற பெயரில் விளையாட்டில் ஓர் அத்தியாயமே உண்டு. கண்ணிவெடிகளும் நாய்களோடு அலையும் ஆட்களும் நிறைந்த இடம். உண்மையான கேப்பிட்டல் ஹில்லில் நாய்கள் உண்டு, எல்லாம் குட்டி மழைச்சட்டை போட்டுக்கொண்டு போகின்றன. டவுன்டவுனிலிருந்து ரயிலில் ஒரே நிறுத்தம். பழுத்த மேப்பிள் இலைகள் ஈரத்தில் நடைபாதையோடு ஒட்டிக் கிடந்தன.

பிராட்வேயும் பைன் தெருவும் சந்திக்கும் இடத்தருகே ஜிமி ஹென்ட்ரிக்ஸின் வெண்கலச் சிலை. இந்த ஊரில் பிறந்த கித்தார் கலைஞர். மண்டியிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து வாசிக்கிற கோலம். யாரோ அவர் கையில் ஒரு பூவைச் செருகியிருந்தார்கள்.

இரண்டாம் பாகத்தில் கித்தாருக்கு முக்கிய இடம் உண்டு. ஜோயல் எல்லிக்கு வாசிக்கச் சொல்லித்தருவார். கதையின் தொடக்கத்திலேயே ஜோயலை ஒரு கூட்டம் அடித்துக் கொன்றுவிடுகிறது. பழிவாங்கத்தான் எல்லி சியாட்டலுக்கு வருகிறாள். வந்த முதல் நாள், பாழடைந்த இசைக் கடை ஒன்றில் கெட்டுப்போகாமல் இருக்கும் கித்தாரை எடுத்துத் தன் தோழிக்காக வாசிப்பாள். சுற்றிலும் உடைந்த கண்ணாடி, கூரை ஓட்டையிலிருந்து விழும் வெயில். ஆட்டத்தில் மறக்க முடியாத இடங்களில் ஒன்று அது. தேடிப் போகாவிட்டால் தவறவிட்டுவிடலாம்.

அவள் ஒளிந்து தங்கும் தியேட்டர் கற்பனைதான். ஆனாலும் மலையிலிருந்து பைன் தெரு வழியே இறங்கி, 1928-இல் திறந்த பாரமவுண்ட் தியேட்டரின் முன்னால் நின்றபோது, கதவைத் திறந்தால் உள்ளே எல்லி இருப்பாள் போலத் தோன்றியது. தொலைக்காட்சித் தொடரின் சியாட்டல் காட்சிகளை எடுத்தது எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில். விளையாட்டைத் தேடி வருகிறவர்கள் இங்கே வருவதுதான் சரி.

மதியம் தம்பி என்னை லேக் வியூ மயானத்துக்குக் கூட்டிப்போனான். எதற்கு என்று முதலில் சொல்லவில்லை. மேட்டில் இரண்டு கல்லறைகள் பக்கத்தில் பக்கத்தில். 1973-இல் இறந்த புரூஸ் லீ. 1993-இல் இறந்த அவர் மகன் பிராண்டன் லீ. முன்னால் பூக்கள், சில்லறைக் காசுகள். உலகின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் சத்தமில்லாமல் வரிசையில் நின்றார்கள்.

அப்பாவுக்குப் புரூஸ் லீ என்றால் உயிர். தைப்பிங் தியேட்டரில் ஒரே படத்தை நான்கு தடவை பார்த்த கதையை எங்களுக்கு நாற்பது தடவை சொல்லியிருக்கிறார்.

"இங்கே வந்த முதல் வாரமே வந்தேன்க்கா. போட்டோ எடுத்து உனக்கு அனுப்பலாம்னு நெனச்சேன். அனுப்பல" என்றான்.

சட்டைப்பையிலிருந்து 20 சென் காசு ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தான். நம்ம ஊர்க் காசு. இரண்டு வருடமாக வைத்திருந்தானாம். கல்லின் மேல் வைத்தேன்.

மூன்றாம் நாள்: எரிவாயு ஆலைப் பூங்கா

கடைசி நாள் காலையில் கடற்கரை. முன்பு இந்தக் கடலோரம் முழுவதையும் மறைத்தபடி ஓர் இரட்டை அடுக்கு மேம்பாலம் இருந்தது. 2019-இல் இடித்துவிட்டார்கள். இப்போது பைக் பிளேஸ் சந்தையிலிருந்து 2024-இல் திறந்த அகலமான நடைபாதை வழியே கடல்வாழ் உயிரினக் காட்சியகத்துக்கு நேராக இறங்கிவிடலாம். பக்கத்தில் 53 மீட்டர் உயர ராட்டினம். விளையாட்டில் இந்த ராட்டினம் மூடுபனியில் துருப்பிடித்து நிற்கும். அதைக் குறி வைத்துத்தான் எல்லி படகில் வருவாள். காட்சியகத்துக்குள் அவள் செய்கிற காரியம், பிறகு அவளாலேயே தாங்க முடியாதது.

நாங்கள் போனபோது பள்ளிக் குழந்தைகள் கூட்டம் ஒன்று கடல் நீர்நாய்களைப் பார்த்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. ஒரு நீர்நாய் மல்லாந்து மிதந்தபடி வயிற்றில் சிப்பியை வைத்துத் தட்டித் தின்றது. அப்பா இருந்திருந்தால், "நிறுத்து, கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றிருப்பார். நாங்களும் நின்றோம்.

பிறகு யூனியன் ஏரிக்கரையில் உள்ள எரிவாயு ஆலைப் பூங்காவுக்குப் பஸ் பிடித்தோம். 1906 முதல் 1956 வரை நகரத்துக்கு எரிவாயு தயாரித்த ஆலை. மூடிய பிறகு இடித்துத் தள்ளாமல், ரிச்சர்ட் ஹேக் என்ற வடிவமைப்பாளர் துருப்பிடித்த கோபுரங்களை அப்படியே விட்டுச் சுற்றிலும் புல்வெளி அமைத்தார். 1975-இல் பூங்காவாகத் திறந்தது. இப்போது அந்த இரும்புக் கோபுரங்களுக்கு எதிரே மேட்டில் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். ஏரியில் மிதவை விமானம் இறங்குகிறது. அக்கரையில் நகரம்.

தைப்பிங்வாசிகளுக்கு இது புதிதல்ல. நம்ம ஊர் ஏரிப் பூங்காவும் ஈயச் சுரங்கம் தோண்டிக் கைவிட்ட பள்ளம்தானே. 1880-இல் பூங்காவாக்கினார்கள். இன்றைக்குத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி ஏரித் தண்ணீரைத் தொடுகின்றன. மழைக்குப் பேர்போனது என்று சியாட்டலைச் சொல்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர்தான். தைப்பிங்கில் 4,000.

ஈரப் புல்லில் மழைச்சட்டையை விரித்து உட்கார்ந்தோம். அம்மாவின் முறுக்கைப் பிரித்தோம். இந்த விளையாட்டின் பெரிய தந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். எல்லியின் மூன்று நாள் முடிகிற இடத்தில் ஆட்டம் திடீரென்று நின்று, கடிகாரம் பின்னால் போய்விடும். அதே சியாட்டல், அதே மூன்று நாள். இந்த முறை நம் கையில் இருப்பது ஆபி, ஜோயலைக் கொன்றவள். சால்ட் லேக் சிட்டியில் ஜோயல் கொன்ற மருத்துவர் அவளுடைய அப்பா என்பது அப்போதுதான் உறைக்கும். அவளோடு சாப்பிட்டு, தூங்கி, பயந்து, அந்த மூன்று நாளையும் அவள் பக்கத்திலிருந்து கடந்துதான் ஆக வேண்டும். வேறு வழி இல்லை. அந்த இடத்தில் நான் கோபத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாரம் தொடவில்லை.

"நானும்தான்" என்றான் தம்பி.

அப்போது கேட்டேன். "அந்த மூணு நாளு உனக்கு எப்படி இருந்துச்சு?"

நான் கேட்க வந்த கேள்வி அது இல்லை. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கத்தான் வந்தேன். வாயில் வந்தது இது.

அவன் நெடுநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாளும் மருத்துவமனை வண்டி நிறுத்துமிடத்தில் அப்பாவின் பழைய காருக்குள்ளேயே இருந்திருக்கிறான். வீட்டுக்குப் போனால் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். கோலாலம்பூருக்கு அழைத்தால் நான் அழுவேன். ரொட்டியும் தண்ணீரும் வாங்கி வைத்துக்கொண்டு, ஜன்னல்களை எண்ணி, எது அப்பாவின் வார்டாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். 25 வயது அவனுக்கு. மூன்றாம் நாள் காலையில் ஒரு தாதி தன் கைப்பேசியிலிருந்து அழைத்து, அப்பாவின் காதருகே வைக்கிறேன், ஏதாவது பேசு என்று சொன்னாராம்.

"என்ன பேசறதுன்னே தெரியலக்கா. நீ கிளம்பிட்டேன்னு அப்பதான் மெசேஜ் போட்டிருந்த. 'அக்கா வர்றாப்பா, அக்கா வந்துக்கிட்டு இருக்கா'ன்னு அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியா அங்க கேட்ட பேரு உன் பேருதான். சொன்னது அவரு இல்ல, நான். உன்கிட்ட அதை மாத்திச் சொல்லிட்டேன். அப்புறம் எப்படித் திருத்துறதுன்னு தெரியல."

எனக்குப் பேச்சு வரவில்லை. தினமும் நான்கு மணி நேரம் பேசிச் சம்பாதிக்கிறவள் நான்.

சிறிது நேரம் கழித்து நானும் ஒன்றைச் சொன்னேன். இரண்டாம் பாகம் வந்த சமயத்தில் அப்பா போனில் கேட்டார்: "அந்தத் தாடிக்காரனும் புள்ளையும் எப்படி இருக்காங்க?" அப்போதுதான் ஜோயல் சாகும் காட்சியைப் பார்த்து முடித்திருந்தேன். "நல்லா இருக்காங்கப்பா. பனிமலை ஊர்ல வீடு கட்டிட்டாங்க. புள்ளைக்குக் கித்தார் சொல்லித்தர்றாரு" என்றேன். "சரிம்மா" என்றார் அப்பா. அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. என்னிடம் பொய் சொன்னான் என்று தம்பியின் மேல் இரண்டு வருடம் கோபமாக இருந்தவள், அதே அப்பாவிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"அவருக்குத் தெரியும்க்கா. நான் தைப்பிங் வீட்டுல ஆடுறப்ப பின்னாடி நின்னு பார்த்துட்டாரு, அந்தச் சீனை. ஒண்ணும் சொல்லல. எழுந்து வெளியே போயிட்டாரு. மறுநாள் கூப்பிட்டு, 'நான் பார்த்தேன்னு அக்காகிட்டச் சொல்லாதே, வருத்தப்படும்'னாரு."

மழை மறுபடி தூற ஆரம்பித்தது. மேட்டில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் நகரவில்லை. நாங்களும் நகரவில்லை.

திரும்பும் வழியில்

அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பெரிய வார்த்தை. மன்னிக்கிற இடத்தில் நான் இருந்தேனா என்பதே இப்போது சந்தேகம். அவன் சொன்னது பொய்தான், இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது. ஆனால் அந்தக் காருக்குள் மூன்று நாள் உட்கார்ந்திருந்த பையனை இப்போது எனக்குத் தெரியும். முன்பு தெரியாது, கேட்டதும் இல்லை.

இரண்டாம் பாகத்தின் கடைசியில் ஒரு காட்சி. ஜோயலின் பொய் தெரிந்தபின் எல்லி அவரோடு பேசாமலே இருந்திருப்பாள். அவர் இறப்பதற்கு முந்தின இரவுதான், மன்னிக்க முடியுமா தெரியவில்லை, முயன்று பார்க்கிறேன் என்று சொல்லியிருப்பாள். முயற்சி செய்ய அவளுக்கு ஒரே ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அவள் அழிக்க நினைத்ததெல்லாம் அந்தக் கிடைக்காத நாட்களுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். எங்களுக்கு நாட்கள் இருக்கின்றன.

இந்த விளையாட்டு எல்லாருக்கும் ஏற்றதல்ல. ரத்தமும் வன்முறையும் அதிகம். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் தள்ளியே வையுங்கள். பெரிய பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்றால், எங்கள் அப்பாவைப் போல ஒரு நாற்காலியைப் பின்னால் போட்டு உட்காருங்கள். சியாட்டலுக்குப் போக நினைப்பவர்கள் விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள், மலேசியக் கடப்பிதழுக்கு அது தேவை. நல்ல மழைச்சட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குடையை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

கிளம்பும் அன்று விமான நிலையத்துக்குத் தம்பி வந்தான். உள்ளே போகுமுன் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டோம். தைப்பிங்கில் விடியற்காலை. கூரையில் மழைச் சத்தம் எங்களுக்கே கேட்டது. அம்மா திரையில் முகத்தை ரொம்பக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே படத்தில் தெரிகிறோமா என்று உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் எப்படிடா இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம்மா" என்றேன்.

அம்மா ஒரு நொடி எங்களைப் பார்த்தார். "சரி" என்றார்.

இந்தத் தடவை அது உண்மைதான்.